வைகறைத் துயிலெழுதலும் மாலைக் கடமையும்

வைகறைப் பொழுதில் துயிலெழுதல் நன்றென்பது தமிழ்மக்கள் யாவர்க்கும் ஒப்பமுடிந்ததோர் உண்மையாகும். ஆத்திசூடி ஓதும் சிறார் முதலாகச் சாத்திரம் பயின்ற முதியோர் ஈறாக இதனை மறுப்பார் ஒருவருமிலர். ஆசாரக்கோவை இயற்றிய பெருவாயின் முள்ளியார், வைகறையில் எழுந்து, அன்று செய்தற்குரிய அறத்தையும் பொருள்முயற்சியையும் எண்ணித் தாய்தந்தையரைத் தொழுதலை நல்லொழுக்கமாக வகுத்துரைத்தார். மாணிக்கவாசக சுவாமிகள் அருளிய திருவெம்பாவைத் திருப்பாட்டு இருபதும், திருப்பள்ளியெழுச்சித் திருப்பாட்டுப் பத்தும் மார்கழித் திங்கள்தோறும் சிவாலயங்களில் வைகறையிலேயே ஓதப்பெற்று வருகின்றன. இங்ஙனம் நூலும் வழக்கும் ஒருங்கே உடன்பட்டதொன்றைப் பற்றி இனி ஆராய்தற்கு யாதுளது எனின், ஆராய்ச்சி அவ்வுண்மையைப் பற்றியதன்று. அதனை இக்காலத்தார் எடுத்தோதும் முறையையும் கைக்கொள்ளும் முறையையும் பற்றியதேயாம்.

இந்நாளில் எழுதலைப் பற்றிப் பேசுவார் பலர்; படுத்தலைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலர். மார்கழி பிறந்தவுடன் மேடைதோறும் ஏறி நின்று, இளைஞர் வைகறையில் எழுகின்றிலர், சமயப்பற்று அற்றொழிந்தது, சோம்பர் மலிந்தனர் என்று வைது பேசுதல் ஒரு வழக்கமாகிவிட்டது. அங்ஙனம் வைது பேசும் சொற்பொழிவு முடியும் நேரமோ இரவு பத்து மணி. அதனைக் கேட்டு இல்லம் புகுவார் உண்பது பதினொரு மணிக்கு. அதன்பின் நள்ளிரவு வரை தொலைக்காட்சி. பின்னர்ப் படுக்கையிலும் கைப்பேசி. இவ்வாறு ஓரிரவைக் கழித்த இல்லத்தில் நான்கு மணிக்கு ஒரு பிள்ளை எழவில்லை எனின் அப்பிள்ளையைச் சோம்பன் என்றல் யாங்ஙனம் பொருந்தும்? எழாமை பிள்ளையினது குற்றமன்று. படுக்கவிடாத இல்லத்தின் குற்றம்.

சைவசித்தாந்திகள் சற்காரியவாதிகள். காரணத்தில் இல்லாத காரியம் தோன்றாது என்பது அவர் துணிபு. மண்ணின்றிக் குடமும், நூலின்றி ஆடையும் உண்டாகா என்று பிறரை மறுத்து வாதிடும் அன்னோர், மாலையில் இல்லாத வைகறையை மட்டும் எவ்வாறு எதிர்பார்க்கின்றனர்? வைகறை எழுச்சி என்பது முதல்நாள் மாலையில் தொடங்கும் ஒரு வினையின் பயன். அக்காரணத்தைக் கைவிட்டுக் காரியத்தை மட்டும் அதட்டிப் பெறலாம் என்று கருதுதல் சித்தாந்தத்துக்கும் ஒவ்வாது, உலகியலுக்கும் ஒவ்வாது. இதனை மறுப்பார் கூறும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்தல் இனி முறையாகும்.

முதற்கண் ஒருசாரார் கூறுவது வருமாறு: "துயில் ஆணவத்தின் காரியம், அஃது இருள், ஆதலின் துயிலைக் குறைத்தலே தவம். இரவு எந்நேரம் படுப்பினும் நான்கு மணிக்கு எழுதலே ஆண்மை. உடல் வருந்தின் வருந்துக." இக்கூற்றுக் கேட்பார்க்கு வீறுடையது போலத் தோன்றினும் சாத்திரத்தைப் பாதியளவே கற்றதனால் விளைந்ததாம். சகசமலத்தால் மறைப்புண்ட உயிர் ஐந்து அவத்தைப்படும் என்று சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் உணர்த்துதல் உண்மையே. ஆயின் அவ்வைந்தனுள் சுழுத்தி ஒன்றுமட்டுமோ அடங்கியுள்ளது? சாக்கிரமும் அவற்றுள் ஒன்றன்றோ? நனவில் முப்பத்தைந்து கருவிகளும், கனவில் இருபத்தைந்தும், உறக்கத்தில் மூன்றும், பேருறக்கத்தில் இரண்டும், உயிர்ப்படங்கலில் ஒன்றும் உயிரோடு கூடி நிற்கும் என்பது சித்தாந்த நூலார் காட்டும் கணக்கு. கருவிகள் மிகுந்து நிற்றலால் நனவு வீடாகிவிடாது. குறைந்து நிற்றலால் துயில் பாவமும் ஆகாது. இரண்டும் கட்டுற்ற உயிரின் நிலைகளே. துயிலைக் குறைத்தமாத்திரையானே மலம் தேயுமாயின், இரவெல்லாம் விழித்திருந்து சூதாடுவானும் களவு செய்வானும் சீவன்முத்தர் ஆகவேண்டும். மலம் தேய்தல் சரியை, கிரியை, யோக, ஞானங்களானும் திருவருளானும் நிகழ்வதன்றிக் கடிகை முள்ளால் நிகழ்வதன்று.

அன்றியும், இறைவன் ஐந்தொழிலுள் அழித்தல் என்பது உயிர்களின் இளைப்பை ஆற்றுதற்பொருட்டு நிகழும் அருட்செயல் என்பது சித்தாந்தத்தின் கொள்கை. பிறந்திறந்து உழன்ற உயிர்கட்கு ஓய்வளித்தலையே கருணை என்று போற்றுவார், நாள்தோறும் உழைத்திளைத்த உடற்கு இரவு அளிக்கும் சிறிய ஓய்வை இழித்துரைத்தல் தம் கொள்கையைத் தாமே இழித்தலாக முடியும். திருவள்ளுவர் மடியின்மை என்னும் அதிகாரத்துத் துயிலைக் கேட்டினுக்குரிய நான்கனுள் ஒன்றாக வைத்தாரே எனின், அவர் கடிந்தது மடியொடு கூடி அளவிறந்த துயிலையே. உணவின் மிகுதியைக் கடிந்தமையால் உணவையே கடிந்தார் என்பார் உளரோ?

திருக்கோயில் ஒழுங்கினை நோக்குவார்க்கு இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். திருப்பள்ளியெழுச்சி ஓதப்படும் அக்கோயிலிலேயே பள்ளியறையும் உண்டு. வைகறையில் நடை திறத்தற்கு எத்துணை ஒழுங்குண்டோ, அத்துணை ஒழுங்கு அர்த்தசாமத்துக்குப்பின் நடை அடைத்தற்கும் உண்டு. பல திருக்கோயில்களில் இரவு 9 மணிக்கோ 10 மணிக்கோ பள்ளியறைப் பூசை நிறைவெய்திக் கதவம் அடைக்கப்பெறுகின்றது. இறைவற்குத் துயிலில்லை என்பதனை அறியாதார் யாருமிலர். துயிலில்லாத பெருமானுக்கே பள்ளியறை வகுத்த பெரியோர், துயிலுடைய மக்களுக்கு அது வேண்டாவென்று கருதியிருப்பரோ? எழுச்சிக்கு ஒரு காலம் வேண்டுமாயின் ஒடுக்கத்துக்கும் ஒரு காலம் வேண்டும் என்பதே அவ்வழிபாட்டு முறையால் உலகினர் கற்கத்தக்கது. அதன் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை மறந்தார் கோயிலொழுக்கம் பேசத் தகுதியுடையராகார்.

"அற்றேல், மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியாகிய மகாசிவராத்திரியில் இரவு முழுதும் விழித்திருத்தல் விதிக்கப்பட்டதென்னை?" என வினவுவார்க்கு விடை எளிது. ஆண்டிற்கு ஓரிரவைத் தனித்தெடுத்து நோன்பென்று வகுத்தமையே ஏனை இரவுகளில் துயிலுதல் இயல்பென்பதனை நாட்டும். நாள்தோறும் உண்ணாதிருப்பானுக்கு நோன்புநாள் என்பதொன்றில்லை. நாள்தோறும் துயிலிழப்பானுக்குச் சிவராத்திரியும் ஏனை இரவுகளுள் ஒன்றேயாய்விடும்.

துயில் குறைத்தலால் வரும் கேடு ஆராய்ச்சியால் அளந்தறியப்பட்டும் உள்ளது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளியான ஓர் ஆய்வில் நலமுடைய 48 பேரைக் கூறுகளாகப் பிரித்து, ஒரு கூற்றார்க்கு நாளொன்றுக்கு 8 மணியும், பிறிதொரு கூற்றார்க்கு 6 மணியும், மற்றொரு கூற்றார்க்கு 4 மணியும் படுக்கை நேரமாக வகுத்து 14 நாள் நோக்கினர். 6 மணியும் அதற்குக் குறைவுமாகத் துயின்றாருடைய கவனம் நாளுக்குநாள் தேய்ந்து, ஓரிரண்டு இரவுகள் அறவே துயிலாதாருடைய நிலையை எய்தியது. அதனினும் கருதத்தக்கது யாதெனின், தம் கவனம் தேய்ந்ததனை அவர்களிற் பெரும்பாலார் உணரவேயில்லை என்பதாம். துயிலைக் குறைத்தும் தமக்கொன்றும் நேரவில்லை என்று பெருமை பேசுவார் சான்றாக நிறுத்தத்தக்கவரல்லர் என்பது இதனால் விளங்கும். அத்தகையார் ஐந்தெழுத்தை எண்ணுங்கால் நூற்றெட்டு எங்கு முடிந்ததென்று அறியாது உருத்திராக்கத்தின்மேலேயே தலைசாய்த்தலைக் கண்டார் பலர். வளர்ந்தார்க்கு நாளொன்றுக்கு 7 மணியேனும் துயில் வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டில் அமெரிக்கத் துயில்மருத்துவ அறிஞர் கூடித் துணிந்த முடிபு.

இனி, இரண்டாவது சாரார் வைகறையை விலைப்பொருளாக்கினார். "ஐந்து மணிக்கு எழுக, செல்வம் பெருகும், பிறரை வெல்வாய்" என்பது அன்னோர் மந்திரம். அதற்கென நூல்களும், காணொளிகளும், பயிற்சி வகுப்புக்களும் எங்கும் மலிந்துள்ளன. பொருள்முயற்சியை வைகறையில் எண்ணுதல் பிழையன்று. முள்ளியாரும் அதனை உடன்பட்டார். ஆயின் அவர் அறத்தை முன்வைத்துப் பொருளைப் பின்வைத்தார். இவர் அறத்தை அகற்றிவிட்டுப் பொருள் ஒன்றனையே வைத்தார். இவ்வாறு எழுந்தவன் முதற்கண் தொழுவது தாய்தந்தையரையும் அன்று, இறைவனையும் அன்று. கைப்பேசியின் கணக்குத் திரையையே தொழுகின்றான். செல்வம் வாராத நாளில் வைகறையையும் அவன் கைவிடுவான். கூலிக்குப் பிடித்த நோன்பு கூலி தவறிய நாளில் ஒழிதல் இயல்பேயன்றோ?

மூன்றாவது சாரார் மேற்கூறிய இருவர்க்கும் மறுதலையானவர். "வைகறையில் எழுதலும் எழாமையும் பிறவியில் அமைந்தன, சிலர் வானம்பாடி, சிலர் கூகை, கூகையை வானம்பாடியாக்குதல் ஒருவர்க்கும் இயலாது" என்று இவர் அறிவியலைத் துணைக்கழைக்கின்றனர். அவ்வறிவியல் கூறுவதனை முழுதும் கேட்பார்க்கு அது இவர்க்குத் துணையாகாமை புலப்படும்.

1729ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானூலறிஞர் டி மேரான் என்பார், பகலில் இலைவிரித்து இரவில் கூம்பும் தொட்டாற்சுருங்கிச் செடியை இருளறையில் வைத்து நோக்கினார். ஞாயிற்றொளி படாத அவ்விருளிலும் அச்செடி தன் காலத்தில் விரிந்து தன் காலத்தில் கூம்பிற்று. உயிர்களின் உள்ளே ஒரு நாழிகைவட்டில் உண்டென்பதற்கு அதுவே முதற்சான்று. அவ்வட்டிலை இயக்கும் மரபணுக்களின் செயலைப் பழவீ எனப்படும் சிற்றுயிரில் விளக்கிக் காட்டியமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூவர்க்கும் 2017ஆம் ஆண்டின் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. மாந்தரிடத்து அவ்வட்டில் மூளையின் அடிப்பகுதியில், கண்ணரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலாக, ஒரு சிறு நரம்பணுத் திரளாக அமைந்துள்ளது. புறவொளியின் குறிப்பின்றி விடப்பட்டால் அதன் ஒரு சுற்று, சராசரியாக, 24 மணி 11 நிமிடம் என்று 1999ஆம் ஆண்டில் அளந்து வெளியிட்டனர். எனவே, நாள்தோறும் திருத்தப்படாவிடின் அவ்வட்டில் சிறிது சிறிதாகப் பிந்தும், திருத்துவது ஒளி. தேர்ந்த கைவினைஞன் செய்த கடிகாரமும் நாள்தோறும் நேரம் திருத்தப்பெறுதல் போல்வது இது.

பிறவி வேறுபாடு ஒருசிறிதும் இல்லை என்பார் ஒருவருமிலர். மாலை ஏழரை மணியளவில் துயில்வந்து பின்னிரவு நான்கரை மணியளவில் தாமே விழிக்கும் இயல்பு ஒரு குடும்பத்தில் வழிவழியாக வருதற்கு ஒரு மரபணுவின் திரிபே ஏதுவென்று 2001ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அதற்கு மறுதலையாக மிகப் பிந்தித் துயிலும் குடும்பங்களும் உண்டு. இத்தகையாரை இகழ்தல் குருடரைப் பார்த்திலரென்று இகழ்தலோடு ஒக்கும். ஆயின் இவர் மிக அரியர். பெரும்பாலார் நிலை யாது? 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேருடைய மரபணுக்களை ஆராய்ந்து, வைகறை இயல்போடு தொடர்புடைய 351 இடங்களைக் குறித்தனர். அவ்வியல்புக்குரிய கூறுகளை மிகுதியாகப் பெற்ற நூற்றுக்கு ஐவரையும் மிகக் குறைவாகப் பெற்ற நூற்றுக்கு ஐவரையும் ஒப்பிட்டு நோக்கியபோது அவர்தம் துயிற்காலத்தில் கண்ட வேற்றுமை 25 நிமிடமே. ஒரு நாழிகையினும் ஒரு நிமிடம் மிகுந்த இவ்வேற்றுமையைக் காட்டி எட்டு மணி வரை துயிலுதற்கு உரிமை கேட்பார் கணக்கறியாதவராவர்.

மற்று, கூகையென்று தம்மைக் கூறிக்கொள்வாருட் பலரை அங்ஙனமாக்கியது யாது? விளக்கே. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மலைநாட்டில் எண்மரை ஒரு வாரம் மின்விளக்கின்றி, ஞாயிறும் விறகுத்தீயும் மட்டுமே ஒளியாகக் கூடாரத்தில் தங்கச்செய்தனர். அவர்தம் உள்வட்டில் ஏறத்தாழ இரண்டு மணி முற்பட்டது. அவருள்ளும் பிந்தித் துயிலும் இயல்பினர்க்கே மாற்றம் மிகுதியாயிற்று. கூகைக்கும் வானம்பாடிக்கும் இருந்த இடைவெளி சுருங்கிற்று. 2014ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான பிறிதோர் ஆய்வில் பன்னிருவர் படுக்குமுன் நான்கு மணிநேரம் ஒளிரும் திரையில் நூல் படித்தனர். அச்சுநூல் படித்த இரவுகளோடு ஒப்பிடுங்கால், துயிலுக்கு உடலை ஆயத்தஞ்செய்யும் மெலட்டோனின் என்னும் சுரப்பு அவர்க்கு ஒன்றரை மணி பிந்திற்று. விளக்கணைத்த ஊரில் வாழ்ந்த முன்னோர் இயல்பாகப் பெற்ற வைகறையை, விளக்கணையாத இல்லத்தில் வாழ்வார் வசவினால் பெற முயல்கின்றனர். பிறவியைப் பழித்தலும் பிள்ளையைப் பழித்தலும் வேண்டா, விளக்கைப் பழிக்க.

இனி, ஒரே நாளில் எட்டு மணியிலிருந்து நான்கு மணிக்குத் தாவுதல் ஏன் நிலைபெறாது என்பதும் அறியத்தக்கது. வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று மணி முன்னர் உடல்வெப்பம் மிகத் தாழ்ந்து நிற்கும். அதற்குப் பின்னர்க் கண்ணிற்படும் ஒளி உள்வட்டிலை முற்படுத்தும். அதற்கு முன்னர்ப்படும் ஒளி பிற்படுத்தும். எட்டு மணிக்கு எழுந்து பழகியவனுக்கு அத்தாழ்வு ஐந்து ஆறு மணியளவில் நிகழும். அவன் மார்கழி முதல்நாள் நான்கு மணிக்கு எழுந்து பேரொளி விளக்கின்கீழ் அமர்வானாயின், அவன் உடல் அதனை முன்னிரவின் நீட்சியாகக் கொண்டு மேலும் பிந்தும். பத்தாம் நாள் அவன் நோன்பு முறிந்ததெனின், முறிந்தது உறுதியின்மையானன்று, முறையறியாமையானேயாம். இத்துணையும் அறியாத மேடைப் பேச்சாளர் அவனைச் சோம்பன் என்கின்றனர்.

ஆதலின், முறை யாதெனின் கூறுதும். எழும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கால்மணியளவே முன்னுக்குக் கொணர்தல் வேண்டும். எழுந்தபின் ஞாயிறு தோன்றியவுடன் கால்மணியேனும் திறந்த வெளியில் நிற்றல் வேண்டும். திருக்கோயிற் பிராகாரத்தை வலம்வருவார்க்கு இஃது எளிதிற் கைகூடும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையென்று ஒன்பது மணிவரை துயிலுதல் ஆறுநாள் முயற்சியை ஒருநாளில் அழித்தலாகும். நண்பகலுக்குப் பின்னர்க் காப்பியும் தேநீரும் ஒழித்தல் நலம். படுக்குமுன் ஆறு மணிக்கு முற்பட மிகுதியாகப் பருகிய காப்பியின் சத்தும் ஒரு மணிக்கு மேலாகத் துயிலைக் குறைத்ததென 2013ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. இரவுணவு எட்டு மணிக்குள் முடிதல் வேண்டும். அதன்பின் பெருவிளக்குகளை அணைத்துச் சிறுவிளக்கொன்றே எரிதலும், கைப்பேசி படுக்கையறைக்குப் புறத்தே தங்குதலும் இன்றியமையாதன. கணக்கு எளிது: மார்கழியில் சென்னையில் ஞாயிறு ஏறத்தாழ 6 மணி 30 நிமிடத்துக்கு எழும். அதற்கு நான்கு நாழிகை, அஃதாவது 96 நிமிடம் முன்னர்ப் பிரமமுகூர்த்தம் தொடங்கும். அப்பொழுது, 4 மணி 54 நிமிடத்துக்கு, எழ விரும்புவான் 7 மணிநேரம் துயிலவேண்டுமாயின் பத்து மணிக்குமுன் துயின்றுவிடல் வேண்டும். இக்கணக்குக்கு உடன்படாதான் வைகறைக்கும் உடன்படாதவனே.

இவ்விடத்து மூவர்பொருட்டுத் தனித்து வழக்குரைத்தல் வேண்டும். முதலாவார் பள்ளிப்பிள்ளைகள். 13 முதல் 18 வரை அகவையுடையார்க்கு 8 முதல் 10 மணி வரையும், 6 முதல் 12 வரை அகவையுடையார்க்கு 9 முதல் 12 மணி வரையும் துயில் வேண்டுமென்பது 2016ஆம் ஆண்டில் மருத்துவர் துணிந்தது. பூப்பெய்தும் பருவத்தில் உள்வட்டில் இயல்பாகவே பிந்தும். அதுபற்றி அமெரிக்கக் குழந்தைமருத்துவர் கழகம் 2014ஆம் ஆண்டில் இடைநிலை, மேனிலைப் பள்ளிகள் எட்டரை மணிக்கு முன்னர்த் தொடங்கலாகாதென்று கூறிற்று. கலிபோர்னியா மாநிலம் 2019ஆம் ஆண்டில் இயற்றி 2022ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்திய சட்டத்தால் மேனிலைப் பள்ளிகட்கு அதனையே விதித்தது. இரவு பத்து மணிவரை தனிப்பயிற்சிக்கு அனுப்பி, நான்கரை மணிக்குப் பாடம் படிக்க எழுப்பும் பெற்றோர், பிள்ளையின் துயிலைத் திருடி மதிப்பெண் வாங்கக் கருதுகின்றனர். அப்பிள்ளையைத் தேவாரம் ஓத எழுப்பினும் அது திருட்டேயாம். எழுப்ப வேண்டின் எட்டரை மணிக்குப் படுக்கவைக்க.

இரண்டாமவர் இல்லக்கிழத்தியர். வைகறையின் பெருமையை விரித்துப் பேசும் ஆடவர் பலருடைய இல்லத்தில், நான்கு மணிக்கு எழுந்து வாயில் தெளித்துக் கோலமிட்டு நீர் காய்ச்சி வைப்பவள் ஒருத்தி. இரவில் எல்லோரும் உண்டபின் கலம் துலக்கிப் பதினொரு மணிக்குப் படுப்பவளும் அவளே. அவளது ஐந்து மணித் துயிலின்மேல் நிற்பது அவ்வில்லத்தின் ஆசாரம். பூசைக்குரிய பூவைத் தான் பறியாது, தீர்த்தத்தைத் தான் கொணராது, இரவில் ஒரு கலமும் துலக்காது, மணைமேல் அமரும்போது மட்டும் வைகறை நோன்பினனாகும் ஆடவன் நோற்றது எந்நோன்பு? அது பிறர் துயிலைக் கொண்டு தான் நோற்ற நோன்பு.

மூன்றாமவர் இரவில் உழைப்பார். மருத்துவமனைச் செவிலியரும், காவலரும், ஆலைத் தொழிலாளரும், தொடர்வண்டி ஓட்டுநரும், அயல்நாட்டார் பகற்பொழுதுக்கு இயைய இரவெல்லாம் கணிப்பொறிமுன் அமர்வாரும் வைகறையிலே துயிலத் தொடங்குவர். இரவுப்பணி புற்றுநோய்க்கு ஏதுவாதல் கூடுமென்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோயாய்வு அமைப்பு 2007ஆம் ஆண்டிலும் மீண்டும் 2019ஆம் ஆண்டிலும் வகைப்படுத்தியுள்ளது. பிறர் நலத்தின்பொருட்டுத் தம் உடல்நலத்தை ஈடுவைத்த இவரைப் பகலில் துயிலுகின்றார் என்று இகழ்தல் நன்றிகொன்ற செயலாகும். இவர் விழிக்கும் பொழுதே இவர்க்கு வைகறை. அப்பொழுது நீறணிந்து ஐந்தெழுத்தோதினால் இறைவன் ஏலாதொழிவனோ?

இம்மூவரையும் நினையாதார் செய்யும் பெருங்கொடுமை ஒன்றுளது. அதுவே மார்கழியில் நான்கு மணிக்கு ஊரெலாம் அதிரத் திருவெம்பாவையை ஒலிபெருக்கியில் முழக்குதல். இந்திய நாட்டில் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒலிமாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விதி கிடக்க, திருப்பாட்டின் கருத்தை நோக்குக. அதில் எழுப்பும் மகளிர் தாமே எழுந்து, தாமே நீராடற்குப் புறப்பட்டு, தோழியின் வாயிலில் வந்து நிற்கின்றனர். நகையாடுகின்றனர், உள்ளிருப்பாள் மறுமொழி கூற, அதற்கும் அன்புடன் விடையிறுக்கின்றனர். எழுப்புவார்க்கும் எழுவார்க்கும் இடையே நட்புண்டு, முகமறிதல் உண்டு. ஒலிபெருக்கிக்கு நட்பும் இல்லை, முகமும் இல்லை. நோயாளியும், ஈன்ற தாயும், இரவுப்பணி முடித்து அப்போதே கண்ணயர்ந்தானும் அம்முழக்கத்தால் துணுக்குற்று எழுந்து திருவாசகத்தை வெறுப்பாராயின் அவ்வெறுப்பின் பழி யாரைச் சாரும்? "இங்ஙனமேனும் இறைவன் திருப்பெயர் செவியிற் புகுமே" என்பாரும் உளர். செவியிற் புகுவது உள்ளத்திற் புகாது தடுக்கப்படுமாயின் அதனால் ஆவதென்னை? விருப்பமில்லான் வாயில் அமுதத்தைத் திணித்தாலும் உமிழ்வான்.

ஆகவே, வைகறையைப் போற்றும் சைவ மடங்களும் சபைகளும் செய்யத்தக்கன இரண்டு. ஒன்று, தம் சொற்பொழிவும் இசையரங்கும் விழாவும் இரவு எட்டரை மணிக்குள் நிறைவெய்துமாறு வகுத்தல். நள்ளிரவு வரை மக்களை அமர்த்திவைத்து வைகறையில் எழுக என்று விடையளித்தல் ஒரு கையால் நட்டு மறுகையால் பிடுங்குதலை ஒக்கும். மற்றொன்று, மார்கழிக்கு ஒரு திங்கள் முன்னரே, கார்த்திகையிலேயே, இல்லந்தோறும் மாலைக் கடமையைப் பரப்புதல். கார்த்திகை விளக்கேற்றும் திங்கள். விளக்கை உரிய காலத்தில் அணைத்தலையும் அத்திங்களிலேயே கற்பித்தல் பொருத்தமுடைத்து. மாலை வழிபாட்டின் பின்னர் உணவு, உணவின் பின்னர் ஒரு பதிகம், பதிகத்தின் பின்னர் இருள், இருளின் பின்னர்த் துயில் என்று ஒழுங்கு அமையுமாயின், முப்பது நாளில் வைகறை தானே வந்து கதவைத் தட்டும். அழைக்க ஒலிபெருக்கி வேண்டா. வைதெழுப்ப மேடையும் வேண்டா.

உடலின் துயில் வேறு, உயிரின் துயில் வேறு. உயிரின் துயிலை நீக்குவது திருவருள். அதற்கு வைகறை வழிபாடு ஒரு வாயில். உடலின் துயிலோ பகையன்று. அவ்வாயிலுக்கு உடலைச் சுமந்து செல்லும் துணை. துணையைப் பகையென்று அடித்தார் வாயிலை அடையார். அடைந்தும் அங்கே தூங்கி விழுவர். காலத்தே படுத்தவனே காலத்தே எழுவான். காலத்தே எழுந்தவனே தெளிந்த அறிவோடு தொழுவான். வைகறையை விரும்புவார் மாலையைத் திருத்துக.

திருச்சிற்றம்பலம்.